முன்பக்கம் ஆறு, பின்பக்கம் பதினெட்டு

உங்கள் கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. காதுக்குப் பின்னால் வளைகிற இடத்தில் லேசாகச் சூடு காட்டி மடக்கினால் சரியாகிவிடும். தர்மபுரியில் இருபத்து நாலு வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டால் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

என் மகள் ராஜமேரி செத்ததை விபத்து என்று எழுதி முடிக்கப் போவதாக ஏட்டு சொன்னார். மொரப்பூர் ஸ்டேஷனில், நகரத் தொடங்கிய ரயிலில் ஏறும்போது படி தவறி விழுந்தாள். அவள் போட்டிருந்த கண்ணாடியைக்கூட நீங்கள் டாக்டரிடம் காட்டினீர்கள். மைனஸ் பன்னிரண்டு, அவளுக்கு எழுதிக் கொடுத்த அதே நம்பர் என்று அவர் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். அதனால்தான் நானே வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்பரைத்தான் டாக்டர் எழுதுவார். வளைவை யாரும் எழுதுவதில்லை. அது கடைக்காரன் முடிவு. கிட்டப்பார்வை அதிகமாக இருந்தால் கண்ணாடியின் முன்பக்கத்தைத் தட்டையாக விட்டு, பின்பக்கத்தை மட்டும் பன்னிரண்டு குழிக்க வேண்டும். முன்பக்கம் ஆறு உப்ப வைத்து, பின்பக்கம் பதினெட்டு குழித்தாலும் கழித்தால் அதே பன்னிரண்டுதான் வரும். நேரே பார்த்தால் எழுத்து தெரியும். குனிந்து காலடியைப் பார்த்தால்தான் தரை சரியும், படி இருக்கிற இடம் மாறும்.

அவள் அம்மா மதலேனம்மாள் பாலக்கோட்டுக்காரி. நாலு நாளில் வந்துவிடுகிறேன் என்று பிறந்த வீட்டுக்கு பஸ் ஏறியவள், காய்ச்சலில் அங்கேயே போய்விட்டாள். ராஜமேரிக்கு அப்போது ஒன்பது வயது. அன்றிலிருந்து யார் பஸ் ஏறினாலும் திரும்பி வரமாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றும். இந்தப் பயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அறுபத்தெட்டாம் வருடம் அவள் ஆசிரியர் பயிற்சி முடித்தாள். அந்த மாதம் சேலத்தில் கண்ணாடி தேய்ப்பவன் தவறுதலாக உப்பின வளைவில் செய்து அனுப்பிவிட்டான். நானும் கவனிக்காமல் மாட்டிக் கொடுத்தேன். அவள் வாசலில் கால் வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, தரை அசையுதுங்கப்பா."

மூன்று வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்கு வந்தாள். அப்பனும் மகளும் எவ்வளவு பாசம் என்று ஊரே சொன்னது. ஐயா, என் வாழ்க்கையில் நான் நிம்மதியாகத் தூங்கியது அந்த மூன்று வாரம்தான். நாலாவது வாரம் கண் பழகிவிட்டது. அவள் கையை விட்டுவிட்டாள்.

அதன் பிறகுதான் தட்டையானதில் ஒன்று செய்தேன். அதே தடித்த கருப்பு ஃபிரேம். அவள் ஒன்றுக்குப் பழகி நேராக நடக்கத் தொடங்கியதும், துடைத்துத் தருகிறேன் என்று வாங்கி மற்றதைக் கொடுப்பேன். எதிலிருந்து எதற்கு மாற்றினாலும் ஆடும். கழற்றினால் நாலு விரல் தூரம் தாண்டி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்பன் கொடுப்பதை வாங்கி முகத்தில் மாட்டிக்கொள்வாள். ஐந்து வருடம் இப்படிப் போயிற்று.

நான் அவளைக் கவனிக்காமல் விடவில்லை. இரண்டு டாக்டர்களிடம் கூட்டிப்போனேன். "கண்ணாடி கரெக்டா இருக்குதுங்களே, பாப்பாவுக்கு நரம்புலதான் ஏதோ இருக்குது" என்று டானிக் எழுதினார்கள். அதையும் தவறாமல் வாங்கிக் கொடுத்தேன். பெண் கேட்டு வந்தவர்கள் தலைசுற்றல் என்றதும் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சாங்கப்பா?"

"அதெல்லாம் இல்ல கண்ணு. ரத்தம் கம்மியா இருக்கும்."

அன்று எனக்கு நெஞ்சு வலித்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் சேலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து வேலை உத்தரவு கடைக்கு வந்தது. எனக்குத் தெரியாமல் எழுதிப் போட்டிருக்கிறாள். அங்கேயே தங்கி வேலை பார்க்க வேண்டும். நான் அந்தக் காகிதத்தைக் கிழிக்கவில்லை. மகளுக்கு வந்த கடிதத்தைக் கிழிக்கிற ஆள் நான் இல்லை. அவள் கையில் கொடுத்து, போய்விட்டு வா என்றேன். புறப்படுகிற காலையில் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள். அப்போது அவள் போட்டிருந்தது தட்டையானது, நன்றாகப் பழகியது.

"கண்ணாடியக் குடு கண்ணு, தொடச்சுத் தர்றேன்."

உப்பினதைக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டுக்குக்கூடப் போகமாட்டாள், பாதி வழியில் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். மத்தியானச் சோற்றுக்கு அவளுக்கும் சேர்த்தே உலை வைத்தேன்.

அவள் திரும்பவில்லை. பஸ்ஸில் மொரப்பூர் வரை போய்விட்டாள். சுவரைத் தடவித் தடவி ஸ்டேஷனுக்குள் வந்தாள் என்று போர்ட்டர் முனியப்பன் என்னிடம் சொன்னார். உடம்பு சரியில்லையா, உட்காரம்மா என்று அவர் சொன்னதற்குச் சிரித்தாளாம்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. எனக்கு இது வரும், போகும். மூணு வாரத்துல பழகிடுமுங்க."

ரயில் நகரத் தொடங்கியபோது குனிந்து படியைப் பார்த்திருக்கிறாள். படி தெரிந்த இடத்தில் கால் வைத்திருக்கிறாள். அங்கே படி இல்லை.

விழுந்தது அவளாக இருக்கலாம். அந்த இடத்தில் படியைக் காட்டியது நான்தான். நம்பர் சரியாக இருந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதற்குக் கீழே வளைவையும் எழுதுங்கள். முன்பக்கம் ஆறு, பின்பக்கம் பதினெட்டு.

மற்ற ஜோடி எங்கே என்று கேட்பீர்கள். அது கல்லறையில் இருக்கிறது. சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால், கோயில் சாமியாரிடம் கேட்டு, தட்டையானதை நன்றாகத் துடைத்து அவள் முகத்தில் நானே மாட்டிவிட்டேன். இனிமேல் அவளுக்குத் தரை நேராகத் தெரியட்டும். எங்கேயும் போகமாட்டாள், அந்தக் கண்ணாடியை நான் மாற்ற வேண்டியதில்லை.