சாமியார் பாய்

— அதெல்லாம் முடியாது மச்சான். இன்னைக்கு நீங்க சட்டை போட்டே ஆகணும்.

— இந்தத் துண்டுக்கு என்ன கொறச்சல், மைமூன்?

— அது துண்டா? கரித்துணி! புதுவயல்லேர்ந்து மாப்பிள்ளை வீட்டுக்காரக மதியம் லுஹர் தொழுதுட்டு வாராக. பொண்ணப் பெத்த அத்தா கரித்துணியப் போத்திக்கிட்டு சாக்குல உக்காந்திருந்தா...

— நான் துனியாவ, இந்த ஒலகத்த விட்டவன். அவுகளுக்கும் தெரியும்.

— தெரியாம என்ன! ஊரே சாமியார் பாய்ங்குது. அந்தா, ஒக்கூர்லேர்ந்து சிட்டாள்னு ஒருத்தி புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறா. நீங்க ஓதி ஊதுனா காய்ச்சல் விட்டுருமாம்.

— ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு.

— சொல்லியாச்சு. அசைய மாட்டேங்குறா... சரி, சட்டைய விடுங்க. சம்பந்தி கூட ஒரே சஹன் தட்டுல உக்காந்து திம்பீகளா, மாட்டீகளா?

— எனக்கு உப்புக் கஞ்சி போதும்.

— போன தடவ வந்தவுகளும் இப்படித்தானே எந்திரிச்சுப் போனாக! நம்ம தட்டுல கை வைக்க மாட்டேங்குறான், சம்பந்தம் புடிக்கலை போலன்னு. நம்ம மக சபுரா அன்னைக்கு அடுப்படிய விட்டு வெளிய வரலை.

— நசீபுன்னு எழுதியிருந்தா நடக்கும்.

— நசீபு மேல பழியப் போடாதீக. அலுத்துப் போச்சு மச்சான். நெசமாவே அலுத்துப் போச்சு.

— ஒனக்குப் புரியாது புள்ள. இதுக்குப் பேரு ஜுஹ்து. ஆசாபாசத்த விடுறது. பெரிய மகான்க, அவுலியாக்கள்லாம்...

— அவுலியாக்கள இழுக்காதீக. மீலாது பயான்ல ஆலிம்சா சொன்னத நானும்தான் தட்டிக்குப் பின்னால உக்காந்து கேட்டேன். ரசூலுல்லா நோம்பும் வச்சாகளாம், வைக்காமயும் இருந்தாகளாம். தொழுதாகளாம், தூங்குனாகளாம். குடும்பத்தோட வாழ்ந்தாகளாம். இது வேணாங்குறவன் எங்காளு இல்லைன்னுட்டாகளாம்.

— ஆலிம்சா சொல்லுவாரு.

— இன்னொன்னும் சொன்னாக. பொருளு கையில இருக்கலாமாம். கல்புக்குள்ள, நெஞ்சுக்குள்ள போயி உக்காரக் கூடாதாம்.

— எனக்குக் கையிலயும் ஒண்ணுமில்ல. பர்மா சர்க்காருதான் ரங்கூன் கடையப் புடுங்கிக்கிட்டுக் கப்பல்ல ஏத்தி விட்டானுகள்ல.

— அது அவன் புடுங்குனது. நீங்களா விட்டது எது?

— கறிய விட்டேன். மெத்தைய விட்டேன்...

— என்னையும்.

— மெதுவாப் பேசு. சபுரா காதுல விழுகப் போகுது.

— அவ அடுப்படியில இருக்கா... நீங்க கப்பல் எறங்கி வந்த அன்னைக்கு ஆட்டுக்கறி ஆக்குனேன். மூணு பேரும் ஒரே சஹன்ல உக்காந்தோம்.

— இருக்கும்.

— நல்ல துண்டா எடுத்து, எலும்ப நீக்கி, சின்னதாப் பிச்சு, ஆளே இல்லாத பக்கமாத் தள்ளி வச்சீக.

— அதெதுக்கு இப்ப?

— வச்சதப் பாத்துக்கிட்டே இருந்தீக. அப்பறம் கையக் கழுவிட்டீக. அன்னையிலேர்ந்துதான் இந்தத் துறவு.

— மைமூன்...

— சபுரா அப்பவே தாவணி போட்ட புள்ள. அவளுக்குப் பிச்சு வைக்க வேண்டியதில்ல.

— தெரிஞ்சேவா இருந்தே? இம்புட்டு வருசமும்?

— கேட்டா ஆமாம்பீக. அதுக்கப்பறம் நான் எங்குட்டுப் போக? சாமியார் பொண்டாட்டியாவே இருந்துட்டுப் போவோம்னு இருந்துட்டேன்.

— அங்க கட்டுனவ பர்மாக்காரி. அவளையும் புள்ளையையும் கூட அனுப்ப மாட்டேன்னுட்டானுக. தொறமுகத்துக் கம்பிக்கு அங்குட்டு அந்தப் புள்ள ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நின்னுச்சு... இப்ப என்ன திங்குதோ, ஏது திங்குதோ. எனக்குச் சோறு எறங்கலை புள்ள.

— இதையா அல்லாகிட்ட துறவுன்னு சொல்லிக்கிட்டு இருந்தீக?

— அவனுக்குத் தெரியும்.

— கல்புக்குள்ள ஒரு புள்ளைய உக்கார வச்சுக்கிட்டு, இன்னொரு புள்ளையப் பட்டினி போடுறீகளே மச்சான்! இவளும் ஒங்க மகதானே? வந்து ஒரு வாய் தின்னுங்க. போதும்.

— தின்னுருவேன். சபையில எந்திரிச்சு, என் மக இன்னாரத் தாரேன்னு பேரச் சொல்லணுமே... அது எங்கம்மா பேரு. அங்குட்டு இருக்கவளுக்கும் அதையேதான் வச்சேன். அவளும் சபுராதான்.

— அதுவும் தெரியும் மச்சான். தூக்கத்துல பர்மா பாசையில என்னமோ சொல்லி, சபுரா சபுராம்பீக. நம்ம புள்ள பதறி எந்திரிச்சு, சொம்புத் தண்ணியோட வந்து நிப்பா. ஒன்னையத்தான் தாயி கூப்புட்டாகன்னு சொல்லித் திரும்பப் படுக்க வைப்பேன்... இன்னைக்கு ஒரு தடவையாவது முழிச்சிருந்து அவளைக் கூப்புடுங்க.