மகாராணிக்கு ஒரு டப்பா தீனி

டாக்டர், இந்தக் கிளினிக்கில் யாரைக் கேட்டாலும் நான் வாயில் விரல் வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள் என்றுதான் சொல்வார்கள். பல் ஆஸ்பத்திரியில் அது பெரிய தகுதி. பதினோரு வருடமாக அந்தத் தகுதியோடுதான் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

காத்திருப்பு அறையில் நீங்கள் கடல்நீர்த் தொட்டி வைத்தபோது நான் முகம் சுளிக்கவில்லை. அதில் இரண்டு மீன்களை விட்டு, நடுவில் இருந்த உயிருள்ள பவளத்துக்கு மகாராணி என்று பெயர் வைத்தீர்கள். சரி. பல் தேய்ப்பதுபோல் தினமும் தொட்டியைத் தேய்த்தீர்கள். அதுவும் சரி. ஆனால் 'இந்த மாதச் சிறந்த ஊழியர்' என்ற பலகையில் அதன் போட்டோவை ஒட்டினீர்கள்.

"அதைப் பாத்துக்கிட்டு உக்காந்தா பேஷன்ட்டுக்குப் பயமே போயிடுதும்மா" என்றீர்கள்.

பயந்துபோய் வாசல்வரை ஓடிய எத்தனையோ பேரை நான் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறேன். மகாராணிக்குக் கையே கிடையாது.

மறுநாளிலிருந்து, நீங்கள் உள்ளே கை கழுவும் நேரமாகப் பார்த்து, ஒரு சிட்டிகை மீன் தீனியைக் கூடுதலாகப் போட்டுவந்தேன். தண்ணீர் அழுக்கானால் பவளம் வாடிவிடும் என்று நீங்கள்தான் சொல்லியிருந்தீர்கள். வாடவில்லை. அதுவரை வெளிறிக் கிடந்தது, ஒரே மாதத்தில் ஊதா நிறம் ஏறித் தளதளவென்று ஆகிவிட்டது. பலகையில் மறுபடியும் அதே மகாராணி, புதுப் போட்டோவில்.

வாராவாரம் தண்ணீரைச் சோதிக்க வருவாரே தொட்டிக்காரர், அவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன்.

"டாக்டர் தண்ணிய ரொம்பவே சுத்தமா வெச்சுட்டாரும்மா. அது பட்டினி கெடந்துச்சு. நைட்ரேட்டு, பாஸ்பேட்டு ரெண்டும் துளியூண்டாவது இருக்கணும். இப்பதான் இருக்கு. எங்கேருந்து வந்துச்சுன்னுதான் புரியல."

"அதிகமாப் போச்சுன்னா?"

"பாசி படரும். ஒரேயடியாக் கொட்டினா தண்ணியே அழுகிடும். அப்புறம் ஒண்ணும் மிஞ்சாது."

பொறுமையாக விளக்கினார். நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தேன்.

சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை வந்தது. பூட்டுவதற்கு முன் அந்த இரண்டு மீன்களையும் தொட்டித் தண்ணீரோடு வாளியில் பிடித்து, வண்ணமீன் கடையில் விட்டுவிட்டு வந்தேன். அவற்றின்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவை எந்தப் பலகையிலும் ஏறவில்லை. பிறகு டப்பாவில் இருந்த தீனி முழுவதையும் கொட்டினேன். மேலே மிதந்ததைக் கரண்டியால் கலக்கிவிட்டேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

நான்காம் நாள் தண்ணீர் சாக்கடை நிறத்தில் இருந்தது. வந்தவர்கள் பல்வலியை மறந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். மகாராணி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு எலும்புக்கூடு. நீங்கள் முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதீர்கள். நான்தான் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பழி தொட்டிக்காரர் தலையில் விழுந்தது. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். நேற்று தன் சோதனைக் குப்பிகளை எடுத்துப்போக வந்தவர் என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"எங்க கோட்டை விட்டேன்னு எனக்கே தெரியலம்மா. இனிமே யாரு என்னை நம்பித் தொட்டியக் குடுப்பாங்க?"

அவர் கோட்டை விடவில்லை. கொன்றது நான். அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பொறாமையில் செய்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், டாக்டர். வாயில்லா உயிர்கள் என்றால் எனக்குத் தனிப் பிரியம். இன்று காலை நீங்கள் ஒரு கள்ளிச்செடியை வாங்கிவந்து ஜன்னலில் வைத்து, "மாசத்துக்கு ஒருவாட்டி தண்ணி ஊத்தினாப் போதும். எதுவும் கேக்காது, புலம்பாது. இந்த மாதிரி ஆள்தான் வேணும்" என்று எல்லோருக்கும் காட்டினீர்கள். எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது. இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் அதற்கு நான்கு டம்ளர் ஊற்றிவிட்டேன்.