புளியில் மண்

— மாமா, கருப்பட்டி மூட்டையை எதுக்கு இப்பக் கட்டுறீக? யாராச்சும் கேட்டு வந்தா என்னத்தைக் குடுக்க?

— யாரு வரப்போறா, வல்லி? எட்டு மாசமா வராதவுகளா இனி வரப்போறாக? அடுத்த ஜீப்புல ஏத்தி, போடியில வாங்குன கடைக்கே திருப்பி அனுப்பிருவோம். எறும்பு தின்னது போக மிச்சத்தையாவது எடுத்துக்கிட்டாச் சரி.

— குரங்கணிக்கே இது ஒண்ணுதான் கடை. தெறந்த ஒடனே ஓடிருமா? ஆம்பளைக எல்லாம் இங்கதான வாங்குறாக.

— பீடியும் வெத்தலையும் வாங்குறாக. வாங்கிட்டு, “காசிமாயா, ஊருக்கு இப்பிடி ஒரு கடை வேணும்டா, நல்ல காரியம் பண்ணுனே”ன்னு முதுகுல தட்டிட்டுப் போறாக. அதை வச்சு உலை கொதிக்குமா? உப்பு, புளி, பருப்பு வாங்குறது பொம்பளைக. அதுக்குன்னு ஒருத்தியாவது இந்தப் படி ஏறணுமே. அதான் எனக்கு வெளங்கல.

— வெளங்காட்டி விட்டுட்டுச் சாப்பிட வாங்க.

— எதுத்த வீட்டுக் கருத்தம்மாவையே எடுத்துக்க. அவ வாசல்லருந்து கடைக்கு நாலு எட்டுதான். போடி வெலைக்குத்தான் நானும் விக்கிறேன். அவ என்னடான்னா ஞாயித்துக்கெழமையானா ஜீப்புல தொங்கிக்கிட்டுப் போடிச் சந்தைக்குப் போயி, காக்கிலோ புளியை வாங்கிட்டுப் பொழுதடைய வந்து எறங்குறா. கேட்டா என் புளியில மண்ணுங்கிறா. இன்னொருத்தி என் தராசு சாயுதுங்கிறா. மருதாயி பருப்பு வேகலங்கிறா. ஒரு தடவை வாங்குனாத்தான வேகுதா வேகலையான்னு தெரியும்?

— ஊரு வாயி, மாமா. நாலு நாள்ல அடங்கிரும்.

— எட்டு மாசமா அடங்கலையே. புளிக்குக் கொட்டை எடுத்தேன், நார் எடுத்தேன், வெயில்ல போட்டுக் காவ காத்தேன். தராசைப் புதுசா மாத்துனேன். இனி நானே அவ வீட்டுக்குப் போயி ரசம் வச்சு எறக்க வேண்டியதுதான் பாக்கி.

— அதையும் செய்வீக நீங்க.

— சிரிக்காத. கங்காணி சீனிச்சாமி திங்கக்கெழமைக்குள்ள பதில் சொல்லச் சொல்லிருக்காரு. மேல எஸ்டேட்டு ஸ்டோர்ல ஏலக்காய் ஒணத்துற வேலை. கடை ஓடாட்டி ஆறு மாசம் அங்கதான்.

— வேணாம், மாமா. போன தடவை அந்தப் பொகைக்குள்ள கெடந்துட்டு வந்து, தைப்பொங்க வரைக்கும் இருமுனீக. வந்து எறங்குன அன்னைக்கு நம்ம பொன்னுமணி உங்களை யாருன்னு தெரியாம என் சேலைக்குள்ள ஒளிஞ்சா. நான் அழுததை நீங்க பாக்கல. இனி உங்களை மேல அனுப்ப மாட்டேன்.

— எனக்கு மட்டும் ஆசையா? நீங்க ரெண்டு பேரும் கண்ணு முன்னாடி இருக்கணும்னுதான ஆட்டை வித்துக் கடை வச்சேன். அதான் வேற வழி பாத்துட்டேன். ஊர்த்தலைவரு அமாவாசை ஐயாகிட்டப் பேசியாச்சு. நாளைக்கு ஊர்க்கூட்டம். இனிமே கடைச் சாமான் வாங்க யாரும் போடிக்குப் போகக் கூடாது, போனா அபராதம். நம்ம ஊருக்காரன் கடை வச்சிருக்கயில ஊருக் காசு எதுக்குக் கீழ எறங்கணும், இங்கயே சுத்துனாத்தான ஊரு தழைக்கும்னு ஐயாவே சொல்லிட்டாரு. எப்பிடி?

— ஆத்தீ. வேணாம், மாமா. இப்பவே போயி வேணாம்னு சொல்லிட்டு வாங்க.

— ஏன் புள்ள? கடைக்காரன் பொண்டாட்டி நீ. சந்தோசப்படுவேன்னு பாத்தா, மொகம் சுண்டிப் போகுது.

— நான் ஒண்ணு சொல்றேன், கோவிக்கக் கூடாது.

— கோவிக்கல, சொல்லு.

— இருங்க, கருத்தம்மா வர்றா. அவளும் இருக்கட்டும்.

— அண்ணே, ஒரு தீப்பெட்டி குடுங்க. என்ன மதனி, ரெண்டு பேரும் மொகத்தைத் தூக்கி வச்சிருக்கீக?

— கருத்தம்மா, போடிச் சந்தைக்குப் போகக் கூடாதுன்னு நாளைக்கு ஊர்க்கூட்டத்துல தடை போடப்போறாக. உங்க அண்ணன் ஏற்பாடு.

— நெசமாவா? அடப் பாவி அண்ணே. மதனி, அப்பச் சொல்லிர வேண்டியதுதான்.

— ஆளாளுக்குச் சொல்றேன் சொல்றேங்கிறீக. யாராச்சும் ஒருத்தி சொல்லித் தொலைங்க.

— அண்ணே, உங்க கடை நல்ல கடை. நெசமாத்தான். அதுதான் வம்பே.

— எனக்கு வெளங்கல.

— கடை இல்லாத காலத்துல, உப்பு இல்ல, புளி இல்லன்னு நான் சொன்னா, எங்க வீட்டுக்காரரே என்னை ஜீப்புல ஏத்தி விட்டு, வெரசா வந்துருன்னு அனுப்புவாரு. நீங்க கடையைத் தெறந்த மறுவாரம், அதான் காசிமாயன் கடையில எல்லாம் இருக்கே, ஒனக்குப் போடியில என்ன சோலின்னு கேட்டாரு. நான் என்னத்தைச் சொல்ல? புளியில மண்ணு இருக்குன்னேன்.

— அப்ப மண்ணு இல்லையா?

— அருமையான புளிண்ணே. மதனி வச்ச கொழம்பு எங்க வீட்டுக்கும் வருதுல்ல.

— தராசு?

— அது நெசமாத்தான் நேரா நிக்கிது.

— பாவிகளா. கொட்டை எடுத்து எடுத்து என் நகமெல்லாம் கறுத்துப் போச்சு. போடியில அப்பிடி என்னத்தை வச்சிருக்காக?

— மத்தியான ஆட்டம்ணே.

— சினிமாவா?

— ஜீப்பை விட்டு எறங்குனதும் சந்தையில நாலு சாமானை வாங்கிப் பையில போட்டுட்டு, நேரா கொட்டகைக்குப் போயிருவோம். ஆட்டம் விடுற நேரத்துக்குப் பால்பாண்டி ஜீப்பைக் கொண்டாந்து நிறுத்திருவான். எமர்ஜென்சிக்கு முந்தியிருந்தே நடக்குது. படத்துக்குப் போறேன்னா எந்த வீட்டுல விடுவாக? சாமான் வாங்கப் போறேன்னா விடுவாக.

— அந்தப் பால்பாண்டி தெனமும் என்கிட்டப் பீடி வாங்குறான். ஒரு வார்த்தை சொன்னானா பாரு. சரி, மண்ணுங்கிற பேச்சை மொதல்ல யாரு கெளப்புனது? கருத்தம்மா, நீயா?

— அது வந்து... மதனி, நீங்களே சொல்லிருங்க.

— நாந்தான், மாமா.

— நீயா?

— ஏலக்காட்டுல காய் எடுக்கயில ஒரு பேச்சுக்குச் சொன்னேன். புளியில மண்ணுன்னு சொல்லித் தப்பிச்சுக்கங்கடின்னு. நாங்க பதினோரு பேரு நிக்கிற எடம். பொழுது சாயிறதுக்குள்ள பேச்சு பருப்பு, தராசு வரைக்கும் போயிருச்சு. எனக்கென்ன, கடைக்கு வெத்தலை எடுத்துட்டு வான்னு வாராவாரம் நீங்களே அனுப்புறீக. அவளுக இல்லாம நான் மட்டும் போனா நல்லாவா இருக்கும்? கடை இப்பிடிப் படுத்துரும்னு நான் நெனைக்கல. கங்காணி வந்து கேட்டதுலருந்து எனக்குச் சோறு எறங்கல, மாமா.

— ஊருல உள்ளவளுக செஞ்சாக்கூடப் பரவாயில்ல. நீயே செஞ்சிருக்கியே, வல்லி. படி ஏறி யாராச்சும் வர மாட்டாகளான்னு நான் தெனமும் ரோட்டைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். மனசு வலிக்கிது.

— அண்ணே, மதனியை மட்டும் வையாதீக. வையிறதுன்னா பதினோரு பேரையும் வையணும். வரிசையா வந்து நிக்கிறோம்.

— வந்து நில்லுங்க. சாமான் வாங்கத்தான் வரமாட்டீக, வசவு வாங்கவாவது வாங்க.

— சிரிச்சிட்டாக, மதனி. அண்ணன் சிரிச்சிட்டாக.

— சிரிப்பு வந்து தொலையிது, என்ன செய்ய? சரி, ரெண்டு பேரும் கேளுங்க. போடிக்குப் போறதுன்னாப் போங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. சந்தைக்குள்ள மட்டும் காலை வைக்காதீக. காலையில ஜீப்பு ஏறயில பையை இங்க குடுத்துட்டு, இன்னின்னது வேணும்னு சொல்லிட்டுப் போங்க. சாயந்தரம் வந்து எறங்கயில பை நெறஞ்சு நிக்கும். தூக்கிட்டு வீட்டுக்குப் போங்க.

— எங்க வீட்டுக்காரரு கேட்டா?

— எங்க வாங்குனேன்னு எந்தக் காலத்துல கேட்டாரு? பை நெறஞ்சிருக்கான்னுதான் பாப்பாரு.

— நெசமாத்தான். மடியில மூட்டையை வச்சுக்கிட்டு ஜீப்புல நசுங்கவும் வேணாம். அப்பப் புளியில மண்ணுன்னு இனிமே சொல்லக் கூடாதாண்ணே?

— வீட்டுல சொல்லிக்க. ஆம்பளைகளுக்கு மட்டும் மண்ணு இருந்துட்டுப் போகட்டும்.

— மாமா, உங்க பேரு கெடுமே.

— கெட்டுட்டுப் போகட்டும் புள்ள. சரக்கு கெடாம இருந்தாச் சரி.

— ஊர்க்கூட்டத்துக்கு என்ன சொல்வீக?

— ஐயாகிட்ட நான் பேசிக்கிறேன். பொம்பளைக ஏறாட்டி ஞாயித்துக்கெழமை ஜீப்பு காலியாத்தான் ஓடணும், பால்பாண்டி தேவாரம் ரூட்டுக்குப் போயிருவான், அப்பறம் உங்க ஏலக்காய் லோடைப் போடிக்கு யாரு எறக்குறதுன்னு கேக்குறேன். கேட்ட ஒடனே தடையை அவரே தூக்கிருவாரு.

— ஏவாரின்னா நீங்கதாண்ணே ஏவாரி. நாளன்னைக்கு ஞாயிறு. எனக்கு ஒரு கிலோ புளி, ரெண்டு கிலோ துவரம்பருப்பு, அந்தக் கருப்பட்டியில அரைக்கிலோ எடுத்து வைங்க. மத்தவளுககிட்ட நான் சொல்லிக்கிறேன். தீப்பெட்டியைக் கொண்டாங்க, அடுப்புப் பத்த வைக்கணும். வர்றேன் மதனி.

— போயிட்டு வா, கருத்தம்மா. மாமா, இன்னும் கோவமா?

— இருந்துச்சு. இப்ப இல்ல. இந்த மூட்டையை அந்தப் பக்கம் பிடி, அவுத்துருவோம். கங்காணிக்கு நான் வரலன்னு சொல்லி விட்டுர்றேன்.

— இப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு.

— இத்தனை வருசமா எனக்குத் தெரியாமப் படம் பாத்திருக்க. ஒரு கதையாவது சொல்லு கேப்போம். போன வாரம் என்ன படம்?

— அது... ஒரு அண்ணன் தம்பி கதை.

— சரி.

— அண்ணனும் தம்பியும் சின்ன வயசுல பிரிஞ்சு போயிருவாக.

— அப்பறம்?

— அப்பறம் ஒரு பாட்டு.

— அதுக்கு முந்தின வாரம்?

— அதுவும் அண்ணன் தம்பிதான்னு நெனைக்கிறேன்.

— என்ன புள்ள இது? நானும் உங்ககூட ஒரு நாள் வரலாமான்னு பாத்தா, கதையே சொல்லத் தெரியல. பிரிஞ்சவுக கடைசியில சேந்தாகளா இல்லையா, அதையாவது சொல்லு.

— எனக்குத் தெரியாது, மாமா. லைட்டை அணைச்ச ஒடனே நாங்க பதினோரு பேரும் தூங்கிருவோம். அந்த மூணு மணி நேரம் மட்டுந்தான் எங்களை யாரும் எழுப்ப மாட்டாக.