மீட்டர்காரர் தொங்கவிட்ட அட்டை

மேடையில் அமர்ந்திருக்கும் மூன்று அரசுப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களே, நம் மீட்டர்காரரின் துணைவியார் அவர்களே, அவருடைய தங்கை டீச்சரம்மா அவர்களே, நாற்காலி கிடைத்த பெரியோர்களே, கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். எட்டாவது தேறியவன், ஒன்பதாவது என்னைத் தேற விடவில்லை. என் பேச்சில் பிழை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். பூட்டோடு புழங்குகிறவனுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வருவது தொழில் வியாதி.

ஆகவே முதலில் ஒரு சந்தேகம். மீட்டர்காரர் ஆண்டுதோறும் நம் மூன்று பள்ளிகளையும் ஒப்பிட்டு எழுதி, இஸ்திரிக் கடைச் சுவரில் தொங்கவிடுவாரே ஓர் அட்டை, அது எங்கே? செவ்வாய்க்கிழமை அவர் கண்மூடினார். புதன்கிழமை அட்டையைக் காணோம். காற்றில் பறந்திருக்கும் என்கிறார்கள். நான்கு ஆணிகளையும் பிடுங்கி, இஸ்திரி மேஜையில் வரிசையாக வைத்துவிட்டுப் போகிற காற்றை என் ஐம்பது வயதில் நான் பார்த்ததில்லை. மேடையைப் பார்த்துச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

பள்ளிச் சேர்க்கைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. எந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது என்று தெரியாமல் இங்கே முப்பது குடும்பம் நிற்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

அப்படி என்ன இருந்தது அந்த அட்டையில்? மணி அடிக்கும் முன் வந்த ஆசிரியர்கள் எத்தனை பேர்? தண்ணீர் வரும் குழாய்கள் எத்தனை? மின்சார மீட்டர் எவ்வளவு ஓடியது? அவ்வளவுதான். தேர்ச்சி விகிதத்தை எழுதமாட்டார். அது பள்ளிக்கூடம் சொல்வது, மீட்டர் சொல்வதல்ல என்பார். முப்பத்தோரு வருடம் மின்சார மீட்டர் கணக்கெடுக்க வீடு வீடாக ஏறி இறங்கியவர். நாங்கள் ஃபேனே போடுவதில்லை என்று சாதிக்கிற வீட்டில் மீட்டர் பம்பரமாகச் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து, வாய் சொல்வதை நம்புவதையே விட்டுவிட்டவர். அவரை நாம் நம்பினோமா? நான் நம்பவில்லை.

நான்கு வருடத்துக்கு முன், என் மகளை ஆறாவதில் சேர்க்க வேண்டியிருந்தது. பெரிய கேட் பள்ளியில் ரிப்பன் வெட்டிக் கம்ப்யூட்டர் அறை திறந்தார்கள். கைதட்டித் தட்டி என் உள்ளங்கை சிவந்தது. ஆனால் அட்டையில் அந்தப் பள்ளிக்குக் கீழே, 'கம்ப்யூட்டர் அறை திறந்த பின்னும் மீட்டர் ஏறவில்லை' என்று எழுதியிருந்தார். முதலிடம் யாருக்கு? காரை உதிர்கிற சந்துப் பள்ளிக்கு. அங்கே டீச்சர் யார்? அவருடைய தங்கை. விடுவேனா நான்? தங்கைக்காகப் பிள்ளை பிடிக்கிறார் என்று இஸ்திரிக் கடையில் நாலு பேர் காதுபடச் சொன்னேன். அதோடு நின்றேனா? ஆள் இல்லாத நேரம் பார்த்து அட்டையைக் கிழித்தேன். ஆம், அந்த வருடத்துக் காற்று நான்தான்.

மறுநாள் புது அட்டை மாட்டிவிட்டு, நேராக என் கடைக்கு வந்தார்.

"நீங்கதான் கிழிச்சீங்கன்னு தெரியும். பரவாயில்ல, ஒருத்தராவது முழுசாப் படிச்சிருக்கீங்க."

அப்போதும் திருந்தவில்லை. மகளைப் பெரிய கேட் பள்ளியில்தான் சேர்த்தேன். கம்ப்யூட்டர் தொட்டாயா என்று வாரம் தவறாமல் கேட்பேன். பூட்டியிருக்கிறது என்பாள். எட்டு மாதம் கழித்து அந்தப் பள்ளியிலிருந்து எனக்கே அழைப்பு வந்தது. மறுநாள் அதிகாரி பார்வையிட வருகிறாராம். ஓர் அறையின் சாவியைக் காணோமாம். போனேன். பூட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு அரை மணி நேரம் போராடித் திறந்தால், கம்ப்யூட்டர் அறை. பன்னிரண்டு கம்ப்யூட்டர், உறை பிரிக்காமல். அன்று மாலை மகள் கேட்டாள்:

"நீயாவது கம்ப்யூட்டரைப் பாத்தியாப்பா?"

எங்கள் குடும்பத்தில் அந்த அறைக்குள் நுழைந்த ஒரே மாணவன் நான்தான். இப்போதைய தலைமை ஆசிரியர் பிறகு வந்தவர். அந்த அறை இன்று தினமும் திறந்திருக்கிறது என்று சற்றுமுன் சொன்னார். மகிழ்ச்சி. மீட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.

மன்னிப்புக் கேட்க மீட்டர்காரர் வீட்டுக்குப் போனேன். அடுத்த அட்டையை எழுதிக்கொண்டிருந்தார். சந்துப் பள்ளியின் கட்டங்கள் மட்டும் காலியாக இருந்தன. அதை இஸ்திரிக்காரர் வந்து நிரப்புவார் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஒவ்வொரு வருடமும் அந்தக் கட்டங்களில் கோழி கிளறியதுபோல வேறு கையெழுத்து. முழுசாகப் படித்ததாக அவர் பாராட்டிய நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஏன் இப்படி என்று கேட்டேன்.

"அங்க தங்கச்சி இருக்கா. என் கண்ணு அவளுக்குச் சாதகமாத்தான் பாக்கும். என்னை நானே நம்பல, நீங்க எப்படி நம்புவீங்க?"

நான் அவரைச் சந்தேகப்பட்டேன். அவரோ எனக்கு முன்பே தன்னைச் சந்தேகப்பட்டு முடித்திருந்தார். எத்தனை பேரால் முடியும் இது? ஒரு வருடம் சந்துப் பள்ளியில் ஒரே குழாயில்தான் தண்ணீர் என்று இஸ்திரிக்காரர் எழுதிவிட்டார். டீச்சரம்மா இரண்டு மாதம் அண்ணனோடு பேசவில்லை. அண்ணன் எண்ணை மாற்றவில்லை. மற்ற குழாய்களில் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகுதான் பேச்சும் வந்தது. அழாதீர்கள் டீச்சரம்மா. அன்று உங்களுக்கு வந்த கோபத்தால்தான் என் மகள் இன்று பள்ளியில் தண்ணீர் குடிக்கிறாள்.

ஆம், அவள் இப்போது சந்துப் பள்ளியில் படிக்கிறாள். அப்பனை வீழ்த்திய ஒன்பதாவதை அவள் வீழ்த்திவிட்டாள்.

அன்பு மீட்டர்காரரே, உங்கள் படத்துக்கு முன் நின்று சொல்கிறேன். அட்டை நிற்காது. பெரிய கேட் பள்ளி, மாடிப் பள்ளி இரண்டையும் நான் பார்க்கிறேன். எந்த நாள் எந்த வாசலில் நிற்பேன் என்று இந்த மேடையில் சொல்வதற்கில்லை. சந்துப் பள்ளிப் பக்கம் போகமாட்டேன். அங்கே என் மகள் இருக்கிறாள். அதை இஸ்திரிக்காரரே பார்ப்பார். அவரையும் நம்பவேண்டாம் என்பவர்கள் கூடவே போகலாம். மீட்டர் வாசலில்தான் இருக்கிறது.

அந்த நான்கு ஆணிகள் என் சட்டைப் பையில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை அதே சுவர், அதே ஆணி, புது அட்டை. இங்கே எங்கேயோ உட்கார்ந்திருக்கும் காற்றுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: கிழிப்பதற்கு முன் முழுசாகப் படித்துவிடுங்கள்.