சோதனை முகவரி

மெயில் அனுப்பும் கருவியைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், மச்சான். உங்கள் தங்கை விட்டுப்போன செடிக்கடையை எடுத்து நடத்த, இலவசமாகக் கிடைப்பதே போதும். வாடிக்கையாளர் முகவரிகளைச் சேர்த்துவைக்க வேண்டும், மெயிலை எழுதி அடுக்க வேண்டும், யார் திறந்தார்கள் என்று பார்க்க வேண்டும். இப்போது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. படங்களைக் குறையுங்கள். தலைப்பில் "உடனே", "முந்துங்கள்" என்றெல்லாம் எழுதினால் மெயில் நேரே குப்பைக்குப் போகும்.

நேற்று போனில் நீங்கள் கேட்டதற்கு இது பதில். வைக்கும் முன் போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டீர்கள். அவளுடைய போன் இப்போது உங்களிடம் இருக்கிறது. அதில் கிடக்கும் அந்த மெயில் அவளுக்கு எப்படிப் போனது என்றீர்கள். தவறிப் போய்விட்டது என்றேன். "சரி மாப்ள" என்று வைத்துவிட்டீர்கள். அந்தப் பதிலைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

இந்தத் தொழிலில் தலைப்புதான் எல்லாம். அலுவலகத்தில் சோப்புக்கும் மெத்தைக்கும் எழுதுகிறவன் நான். வாடிக்கையாளர்கள் அவளைச் செடியக்கா என்றார்கள். செடியக்கா பெயரில் மாதாமாதம் போன மெயிலும் என் கைவேலைதான். அவளுக்கு எழுத வராது. குறை கண்டுபிடிக்க நன்றாக வரும். ஒருமுறை "உங்கள் பால்கனியில் பசுமைப் புரட்சி" என்று தலைப்பு வைத்தேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இதை யாரு திறப்பா? உன் பொண்டாட்டியே திறக்கமாட்டா."

"வேற என்ன வைக்கிறதாம்?"

"மணி பிளான்ட் ஏன் மஞ்சளாகுதுன்னு வை. எல்லார் வீட்லயும் மஞ்சளாத்தான் கிடக்கு."

வைத்தேன். பட்டியலில் பாதிப்பேர் திறந்தார்கள். "படிச்சது நீ, மூளை எனக்கு" என்று அந்த வாரம் முழுக்க என்னை ஓட்டினாள்.

எந்தக் கருவியிலும் சோதனை மெயில் என்று ஒரு பொத்தான் இருக்கும். ஊருக்கெல்லாம் அனுப்பும் முன் ஒருவருக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்பதற்கு. அந்த இடத்தில் எப்போதும் அவள் முகவரிதான். இரண்டு தலைப்புகளில் அனுப்புவேன். "திறப்பேன்" என்றோ "திறக்கமாட்டேன்" என்றோ பதில் வரும். அவள் கணிப்பு தப்பியதே இல்லை.

பிறகு ஆஸ்பத்திரி. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் நம் இருவரிடம் மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"மாப்ள, அவகிட்ட மூச்சு விடாதே. நெஞ்சுல சளின்னு சொல்லியாச்சு. அப்படியே இருக்கட்டும்."

நீங்கள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வண்டியை யார் ஓட்டினாலும் உங்கள் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பழக்கம். நான் தலையாட்டினேன்.

அவளோ வீட்டுக்கு வந்ததும் பால்கனியில் இன்னொரு அலமாரி வைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அளவெடுத்து வரச் சொன்னாள். எடுத்து வந்தேன். "டேப்பைக்கூட நேரா பிடிக்கத் தெரியல. உன்னை எவன் எனக்குக் கட்டிவச்சான்?" என்றாள். மறுபடி அளந்து வந்தேன். எழுதிக்கொண்டேன். சிரித்தேன்.

வரப்போகிற வேலை தெரிந்தால் முன்கூட்டியே தயார் செய்வது என் வழக்கம். ஆர்டர் கொடுத்துக் காத்திருப்பவர்களுக்கு ஒருநாள் சொல்லித்தானே ஆகவேண்டும். அவள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். சின்ன மெயில், நன்றாகவே வந்திருந்தது. தலைப்புதான் இழுத்தடித்தது. ஒன்று, "செடியக்கா காலமானார்." இன்னொன்று, "இனி உங்கள் செடிகளுக்கு நீங்கள்தான்."

சோதனைப் பொத்தானை அழுத்தியதும் கருவி அனுப்பிவிடாது. ஒரு பெட்டி திறந்து, இந்த முகவரிக்கு அனுப்பலாமா என்று கேட்கும். முகவரி பெரிய எழுத்தில் தெரியும். உங்கள் பிரேக் மாதிரிதான். நான் அதைப் படித்தேன். பிறகு "ஆம்" என்பதை அழுத்தினேன்.

அந்த அறைக் கதவில் சின்னக் கண்ணாடி உண்டு. எழுந்து நின்றால் அவள் முகம் தெரியும். நான் எழவில்லை. திரையில் "திறக்கப்பட்டது" என்று வந்தது. சற்றுப் பொறுத்து இரண்டாவது மெயிலுக்கும் வந்தது. பிறகு முதல் மெயிலுக்கே மறுபடி, மறுபடி. இந்த வசதி இலவசக் கணக்கிலும் இருக்கிறது.

பதிலும் வந்தது. "மொதல்ல உள்ளதைத் திறக்கமாட்டேன். ரெண்டாவது திறப்பேன்."

டீ வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். போன் தலையணைக்கு அடியில் இருந்தது.

"ஆறின டீ கொண்டுவர இவ்வளவு நேரமா?" என்றாள்.

அதன்பின் அலமாரியைப் பற்றி என்னிடம் அவள் பேசவில்லை. உங்களிடம்தான் பேசினாள். நீங்கள் வரும்போதெல்லாம், "அண்ணா, கனமான மரம் வேணாம், பால்கனி தாங்காது" என்று ஆரம்பித்துவிடுவாள். நீங்கள் வெளியே வந்து, "பாத்தியா மாப்ள, எவ்வளவு தெம்பா இருக்கா. சொல்லாம விட்டது நல்லதாப் போச்சு" என்பீர்கள். ஆமாம் என்பேன்.

அவள் போனபின் இரண்டாவது தலைப்பிலேயே அனுப்பினேன். நான் இதுவரை அனுப்பியதில் அதிகம் பேர் திறந்தது அதுதான். கடையின் மெயில் கணக்கு உங்கள் கைக்கு வந்ததும் சோதனை முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். நான் மாற்றவில்லை.

நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் அப்படித் தெரியப்படுத்தினான் போலிருக்கிறது என்று நினைத்து, நீங்கள் என்னை மன்னித்தாலும் மன்னித்துவிடுவீர்கள். அப்படி இல்லை, மச்சான். எந்தத் தலைப்பு நல்லது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவளை விட்டால் நான் வேறு யாரைக் கேட்பது?