அடித்த வரிகள் வீராயியுடையவை

பெயர் ஆல்பின், வயது 23, த/பெ அமிர்தநாதன், மாதா கோயில் தெரு, மந்தாரக்குப்பம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து டவுன்ஷிப்பில் அப்ரண்டிஸாக இருக்கிறேன். 14.8.2003 அன்று மனு விசாரணைக்கு ஆஜராகிச் சொல்வதாவது:

என் பக்கத்து வீட்டு மருதமுத்துவும் அவர் மனைவி வீராயியும் பரமசிவம் என்பவரின், நிலக்கரிச் சாம்பலில் செங்கல் செய்யும் சாம்பல்கல் பட்டறையில் கூலி வேலை செய்து வந்தார்கள். கடந்த 4ஆம் தேதி காலை பட்டறை பெல்ட்டில் மருதமுத்துவின் வலது கை சிக்கி நான்கு விரல்கள் போய்விட்டன. குடித்துவிட்டுக் கையை விட்டார் என்று பரமசிவம் சொல்லிவிட்டார். மருதமுத்து குடித்து நான் பார்த்ததில்லை. அதன் பிறகு 6ஆம் தேதி நான் முதல் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பியபோது, எழுதப் படிக்கத் தெரியாத வீராயி, ஸ்டேஷனுக்கு மனு எழுதித் தரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல என் ஒர்க்‌ஷாப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். அவர் சொன்னது: "ரெண்டு நாளா பெல்ட்டு அழுவுது, அழுவுதுன்னு சொல்லிகினே இருந்தோம் தம்பி. எண்ணெய் வுட்டா அடங்கும். அன்னிக்கு எண்ணெய்க்கும் அடங்கல. நிறுத்துங்கன்னு எங்க வூட்டுக்காரரு மொதலாளியாண்ட சொன்னாரு. அதுக்கு அவுரு, 'உம் பொண்டாட்டியா அழுவுறா? போய் வேலயப் பாருடா'ன்னாரு."

"பெல்ட் அழுவுதுன்னு எழுதினா சிரிப்பாங்க அக்கா" என்று சொல்லி மேற்படி வரிகளை அடித்துவிட்டு, பெல்ட் உருளையின் பேரிங் அதிக வெப்பமடைந்து பழுதானதாலும் பராமரிப்புக் குறைபாட்டாலும் விபத்து நேர்ந்ததாக மனு எழுதினேன். படித்துக் காட்டியதும், "இது யாரு தம்பி பேசறது?" என்று கேட்டார். "நீங்கதான்" என்றேன். கடலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் பிடிக்க வேண்டியிருந்ததால் கைரேகை வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு, கைநாட்டு வைக்கிற பொம்பளை பேரிங்கைப் பற்றிப் பேசுவாளா, யாரோ தூண்டிவிட்ட பொய் மனு என்று பரமசிவம் சொன்னதன்பேரில் ஸ்டேஷனில் மனுவைத் தள்ளி முடிக்கப் போவதாக அறிந்து நானாகவே வந்திருக்கிறேன். மனு என் கையால் எழுதியது. யாரும் தூண்டவில்லை. நான் அந்தப் பட்டறைக்குள் போனதே இல்லை, அந்த பேரிங்கைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. மனுவில் இருப்பது என் ஊகம். கூடவே நின்று காதால் கேட்டவர் வீராயி. எண்ணெய் விட்டும் சத்தம் அடங்காவிட்டால் மெஷினை நிறுத்த வேண்டும் என்பது எங்களுக்கு முதல் வருடப் பாடம். அவர் அதைச் சரியாகச் சொன்னார். நான்தான் அடித்தேன். நோட்டை ஒப்படைக்கிறேன். அதில் அடித்திருப்பது வீராயியின் பேச்சு, அடிக்காமல் இருப்பது என் கெட்டிக்காரத்தனம். மனுவைத் தள்ளாமல் அவரைக் கூப்பிட்டு, அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுத வேண்டும்.

இந்த வாக்குமூலத்தை ஏட்டு கருப்பசாமி எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். அதில் வீராயி சொன்ன இடத்தில், பெல்ட் அசாதாரண ஒலி எழுப்பியது என்று இருந்தது. அப்படி யாரும் சொல்லவில்லை என்றேன். "ரெக்கார்டுல போயி அழுவுதுன்னா எழுதறது?" என்றார். ஆமாம் என்றேன். அதை அடித்து, "அழுவுது" என்று திருத்தி, ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட்டோம். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை.

(ஒப்பம்) ஆல்பின்