சஜஸ்ட் பண்ண கல்யாணம்

கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஜன்னலோரம் இருந்தவன் சொன்னான்: "ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைல என் கல்யாணம் போச்சுடா."

இங்கிலீஷே வராததால்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது போலிருக்கிறது என்று நினைத்தபடி காதைக் கொடுத்தேன்.

"இன்னாடா சொல்ற?"

"எங்கூட ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்குதே செல்வி, அதுக்கு மெசேஜ் போட்டேன். 'ஐ சஜஸ்ட் மேரேஜ்'னு."

"ப்ரபோஸ்னுதானடா போடணும்?"

"அது பஸ் ஸ்டாண்டுல சுத்தற பசங்க பண்றதுடா. மரியாதையா வேற வார்த்தை இருக்கான்னு போன்ல தேடினேன். ரெண்டும் ஒண்ணுதான்னு காட்டுச்சு."

"செல்வி இன்னா சொல்லிச்சு?"

"'குட் சஜஷன், தேங்க் யூ'ன்னு போட்டுச்சு. நான் எங்கம்மா கிட்டயே சொல்லிட்டேன்."

"அப்புறம் இன்னா?"

"அது வூட்ல மணலூர்பேட்டைல மாப்பிள்ளை பாத்து வெச்சிருந்தாங்களாம். வேணாம்னு அடம் புடிச்சுக்கினு இருந்துச்சாம். நானே அந்த மாப்பிள்ளையக் கட்டிக்கச் சொல்றேன்னு நெனச்சு, சரின்னுடுச்சு. நிச்சயமும் முடிஞ்சிடுச்சு."

கூட இருந்தவன் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "ஏன் வேணாம்னு இருந்துச்சாம்?"

"நேத்து கிளாஸ்ல கேட்டேன். 'நீங்க எப்ப கேப்பீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்'னு சொல்லிச்சு."

"இங்கிலீஷ்லயா?"

"தமிழ்லதான்டா."